பெண் வணிகமும் பெண் தொழிலும்: இந்தியச் சட்ட வரலாற்றில் ஒரு சொல்லாய்வு (1860–2022)

முன்னுரை

1956 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று தமிழ் வழக்கில் 'விபச்சாரத் தடுப்புச் சட்டம்' என்றே அறியப்படுகிறது. செய்தித்தாள்களும் காவல்துறையும் அப்பெயரையே ஆள்கின்றன. ஆனால் அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் நடுநாயகமாக நிற்கும் சொல் 'வணிகம்' என்னும் பொருளுடையது. பெண்களையும் சிறுமியரையும் பண்டமாக்கி விற்கும் வணிகத்தை ஒடுக்குவதே அதன் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்ப் பெயரில் அவ்வணிகம் மறைந்து, பெண்ணின் ஒழுக்கம் மட்டும் எஞ்சியுள்ளது. இது மொழிபெயர்ப்பில் நேர்ந்த தற்செயலான பிழையன்று. ஒரு மனிதரை விற்பதும், ஒரு மனிதர் தாமே ஒரு தொழிலில் ஈடுபடுவதும் வெவ்வேறு செயல்கள் என்னும் தெளிவு சட்டத்திலேயே நீண்டகாலம் இடம்பெறவில்லை. அக்குழப்பத்தையே தமிழ்ப் பெயர் வெளிப்படையாக்குகிறது. இக்குழப்பம் எவ்வாறு உருவாயிற்று, அதனைச் சட்டத்திற்கு உட்பட்ட பெண்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பெயர்களும் பொருளும்

தமிழ் இலக்கிய மரபில் இப்பெண்களைக் குறிக்கும் சொற்கள் பல. தொல்காப்பியம் 'பரத்தை' என்னும் சொல்லை ஆள்கிறது. சங்கப் பாடல்களின் உரையாசிரியர்கள் காதற்பரத்தை, இற்பரத்தை, சேரிப்பரத்தை எனப் பகுத்துக் காட்டுவர். திருக்குறளின் 92 ஆம் அதிகாரம் 'வரைவின் மகளிர்' எனப் பெயர் பெறுகிறது. சிலப்பதிகாரத்து மாதவி கணிகையர் குலத்தவள். அவள் மகள் மணிமேகலை குலத்தொழிலை மறுத்துத் துறவு பூணுகிறாள். பாட்டி சித்திராபதியோ குலத்தொழிலே அவளுக்குரியது என வாதிடுகிறாள். தொழில் பிறப்பால் விதிக்கப்படுவதா, மறுக்கத்தக்கதா என்னும் வினாவைத் தமிழ்க் காப்பியம் அன்றே எழுப்பியுள்ளமை குறிப்பிடத்தக்கது.

கல்வெட்டுகளில் காணப்படும் 'தேவரடியார்' இழிபொருள் தந்த சொல்லன்று. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, அவர்க்கு வீடும் நெற்பங்கும் வழங்கிய செய்தி அக்கோயில் கல்வெட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் அச்சொல் சிதைந்து வசைச்சொல்லாயிற்று. நிலமும் பங்கும் உடைய கோயிற்பெண்டிரின் நிலை தாழ்ந்த வரலாற்றை இச்சொல்லின் வீழ்ச்சியும் உணர்த்துகிறது எனலாம்.

வடமொழியிலிருந்து வந்த 'விபச்சாரம்' என்னும் சொல்லின் அடிப்பொருள் நெறிபிறழ்தல் என்பதாகும். தருக்க நூலார் ஏதுவின் பிறழ்ச்சியைச் சுட்டவும் 'வியபிசாரம்' என்னும் இச்சொல்லையே ஆள்வர். இதில் விற்பனை, விலை, வறுமை ஆகிய எவற்றின் சாயலும் இல்லை. இவ்வகையில், தொழிலையோ வணிகத்தையோ அன்றி ஒழுக்கக் குற்றத்தை மட்டுமே சுட்டும் சொல், ஒரு வணிகத் தடுப்புச் சட்டத்தின் பெயராயிற்று.

பதிவேட்டில் பெண் (1860–1888)

மனித விற்பனை தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. திருப்பாம்புரத்துக் கல்வெட்டு ஒன்று, கி.பி. 1201 இல் பஞ்சத்தால் நலிந்த வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு மகளிரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கூறுகிறது. அவ்விற்பனை ஆவணப்படி அவருடைய ஒப்புதலுடன் நிகழ்ந்ததே. பசியால் பெறப்பட்ட ஒப்புதலை ஒப்புதல் எனக் கொள்ளலாமா என்பது, எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் தீராத வினாவாக உள்ளது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1860 இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் இருவேறு குற்றங்களைத் தெளிவாக வரையறுத்தது. அதன் 370 ஆம் பிரிவு ஒருவரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. 372, 373 ஆம் பிரிவுகள் 16 அகவைக்குட்பட்டோரைப் பரத்தமைக்காக விற்போரையும் வாங்குவோரையும் தண்டித்தன. 1924 இல் இவ்வகவை வரம்பு 18 ஆக உயர்த்தப்பட்டது. விற்பவரும் வாங்குபவருமே குற்றவாளிகள், விற்கப்பட்டவர் குற்றவாளியல்லர் என்னும் தெளிவு இப்பிரிவுகளில் உண்டு.

ஆனால் எட்டு ஆண்டுகளுக்குள் வேறொரு நோக்கு மேலோங்கியது. 1868 இல் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியப் படைவீரரிடையே பரவிய மேகநோயைக் கட்டுப்படுத்துவதே அதன் குறிக்கோள். இதன்படிப் பெண்கள் காவல்துறைப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து, சீட்டுப் பெற்று, குறித்த காலத்தில் மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டியவராயினர். நோய் கண்டவர் லாக் ஆஸ்பத்திரி என வழங்கிய சிறை போன்ற மருத்துவமனையில் அடைக்கப்பட்டனர். அப்பெண்களிடம் சென்ற ஆடவருக்கு இத்தகைய கட்டாயச் சோதனை விதிக்கப்படவில்லை. இங்கிலாந்தில் இதையொத்த சட்டங்களை எதிர்த்து ஜோசபின் பட்லர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் விளைவாக 1886 இல் அவை நீக்கப்பட்டன. 1888 இல் இந்தியச் சட்டமும் விலக்கப்பட்டது. எனினும், பெண்ணுடலை நோயின் இருப்பிடமாகக் கருதிப் பதிவேட்டில் அடக்கும் ஆட்சிமுறை அச்சட்டத்தோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பிற்கால நிகழ்வுகள் காட்டுகின்றன.

உலக உடன்படிக்கையும் மாகாணச் சட்டங்களும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவாதத்தின் மையம் நோயிலிருந்து கடத்தலுக்கு மாறியது. 1904, 1910 ஆம் ஆண்டுகளின் பன்னாட்டு உடன்பாடுகள் 'வெள்ளை அடிமை வணிகம்' என்னும் தொடரை ஆண்டன. ஆசியப் பெண்கள் அத்தொடரின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்களாகத் தோன்றுமாறு அச்சொல்லாட்சி அமைந்திருந்தது. 1921 இல் ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின் சார்பில் உருவான உடன்படிக்கை நிறக்குறிப்பை விடுத்து, 'பெண்களையும் குழந்தைகளையும் கொண்ட வணிகம்' என்று பெயர் மாற்றம் பெற்றது. அதன் தொடர்ச்சியாக 1923 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 366அ, 366ஆ ஆகிய புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன.

மாகாணங்களில் கல்கத்தாவும் பம்பாயும் 1923 இலும், சென்னை 1930 இலும் தனிச்சட்டங்கள் இயற்றின. இவை விடுதி நடத்துவோரையும் தரகரையும் தண்டிக்க முற்பட்டன. அத்துடன் தெருவில் நின்று அழைக்கும் பெண்ணையும் தண்டித்தன. கடத்தப்பட்டவளும் குற்றம் சாட்டப்பட்டவளும் ஒரே சட்டத்தின் இருவேறு பிரிவுகளுக்குள் வரும் முறை இக்காலத்தில் வேரூன்றியது.

சென்னை மாகாணத் தேவதாசி விவாதம்

இதே காலப்பகுதியில் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த தேவதாசி ஒழிப்பு விவாதம் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. ஏனெனில் சட்டத்திற்கு உட்பட்ட பெண்களே இங்கு இருதரப்பிலும் நின்று பேசினர்.

தாய்வழியில் அம்மரபோடு தொடர்புடைய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1927 இல் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யுமாறு தீர்மானம் கொணர்ந்தார். அவருடைய முயற்சியால் 1929 இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. தேவதாசியர் பெற்றிருந்த மானிய நிலங்களைக் கோயிற்பணியிலிருந்து விடுவித்து அவர்கட்கே உரிமையாக்க இத்திருத்தம் வழிசெய்தது. ஒழிப்போடு வாழ்வாதாரமும் எண்ணிப்பார்க்கப்பட்ட அரிய சட்டமாக இதனைக் கொள்ளலாம். ஆதரவற்ற பெண்களுக்காக 1930 இல் அவர் தொடங்கிய ஔவை இல்லமும் இந்நோக்கின் விளைவே.

இதற்கு எதிராகத் தேவதாசியர் சங்கமாகத் திரண்டு அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர். அவ்வணியில் முன்நின்றவருள் பெங்களூர் நாகரத்தினம்மாள் ஒருவர். முத்துப்பழனி இயற்றிய 'ராதிகா சாந்த்வனமு' என்னும் தெலுங்கு நூலை 1910 இல் முழுமையாகப் பதிப்பித்து, அது ஆபாசமெனத் தடைசெய்யப்பட்டதை எதிர்கொண்டவர் அவர். தாங்கள் கலையும் சமயப் பணியும் உடைய மரபினர் என்பதும், தங்களைப் பரத்தையரோடு ஒன்றாகக் கருதுதல் தகாது என்பதும், தங்களுக்கு வேண்டுவது கல்வி என்பதும் அவ்விண்ணப்பத்தின் சாரம். சொத்துரிமையும் தத்தெடுக்கும் உரிமையும் பெற்ற தம் மரபை இழக்க அவர்கள் ஒருப்படவில்லை. எனினும் தம் மதிப்பை நிலைநாட்ட 'நாங்கள் அவர்கள் அல்லர்' என்று பிரித்துப் பேச நேர்ந்தமை இவ்வாதத்தின் வரம்பையும் காட்டுகிறது. அவ்வாறு பிரித்துவைக்கப்பட்ட பெண்களுக்காகப் பேச அன்று எவரும் இலர்.

மூன்றாவது குரல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருடையது. அம்மரபிலேயே வளர்ந்து, அதனை மறுத்து வெளியேறி, சுயமரியாதை இயக்கத்தில் இயங்கிய அவர், 1936 இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினத்தை வெளியிட்டார். மரபு என்னும் பெயரால் சிறுமியர் தொழிலுக்குள் செலுத்தப்படும் முறையையும், அதனால் நிலக்கிழார், தரகர், குடும்பத்தார் ஆகியோர் அடையும் பயனையும் உள்ளிருந்து கண்டவராக அவர் எழுதினார். நாகரத்தினம்மாள் இழப்பதற்குரிய செல்வமும் கலையும் உடையவர்; இராமாமிர்தம் அம்மையாரோ அச்செல்வம் எட்டாத சிறுமியரைக் கண்முன் நிறுத்தினார். ஒரே மரபிலிருந்து எழுந்த இவ்விரு குரல்களில் ஒன்றை மட்டும் 'பாதிக்கப்பட்டோர் குரல்' எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1947 இல் நிறைவேறிய சென்னை தேவதாசி (அர்ப்பணிப்புத் தடுப்பு)ச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்ததோடு, அப்பெண்களின் திருமணம் செல்லும் என்றும் அறிவித்தது. கோயில் வளாகத்திலும் ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதும் சட்டத்திற்குப் புறம்பாயிற்று. கலையும் சுரண்டலும் பிரித்து நோக்கப்படவில்லை. ஆடல் வேறு சமூகத்தாரின் மேடைகளில் பரதநாட்டியமாக மதிப்புப் பெற்றது. அதனைக் காத்துவந்த குடும்பங்களில் பல அம்மதிப்பில் பங்கு பெறவில்லை.

1956 ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு மனுவும்

விடுதலைக்குப் பின் அரசமைப்பின் 23 ஆம் உறுப்பு மனிதரை வணிகப் பொருளாக்குதலைத் தடைசெய்தது. ஐக்கிய நாடுகள் அவையின் 1949 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா 1950 இல் கையொப்பமிட்டது. அதன் விளைவே 1956 ஆம் ஆண்டுச் சட்டம். அது 1958 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அன்றைய நாளிலேயே ஹுஸ்னா பாய் என்னும் 24 அகவைப் பெண் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஜகதீஷ் சகாய் முன்னர்த் தோன்றி, அச்சட்டத்தை எதிர்த்து மனு அளித்தார். தம் தொழிலைத் தயக்கமின்றிக் கூறிய அவர், எத்தொழிலையும் செய்வதற்கு அரசமைப்பு வழங்கிய உரிமையை அச்சட்டம் பறிக்கிறது என வாதிட்டார். மாற்று வாழ்வாதாரம் தாராமல் இருக்கும் வாழ்வாதாரத்தைப் பறிப்பது நலநாட்டின் கொள்கைக்கு முரண் என்பதும் அவர் வாதம். மனு நடைமுறைக் காரணத்தால் தள்ளுபடியாயிற்று. ஆயினும், தம் பெயரிலேயே ஒரு பெண் அரசமைப்பை எடுத்துக்காட்டி வழக்காடியமை, 'மீட்கப்பட வேண்டியவள்' என்னும் சட்டத்தின் கற்பனைக்கு முரணாக அமைந்தது.

ஒரு பெண்ணை அவள் வாழும் இடத்திலிருந்து அகற்ற நடுவருக்கு அதிகாரம் தரும் 20 ஆம் பிரிவு செல்லாது என அலகாபாத் உயர்நீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. 1963 இல் உச்சநீதிமன்றம் கௌசல்யா வழக்கில் அத்தீர்ப்பை மாற்றி அப்பிரிவை நிலைநிறுத்தியது.

1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பு ஆழ்ந்து நோக்கற்குரியது. பரத்தமையைத் தனியாக அது குற்றமாக்கவில்லை. ஆனால் விடுதி நடத்துதல், பொதுவிடத்தில் அழைத்தல், வழிபாட்டிடம், கல்விக்கூடம் முதலியவற்றின் அருகே அத்தொழிலில் ஈடுபடுதல் ஆகியன குற்றங்கள். 1986 இல் இச்சட்டம் திருத்தப்பட்டுப் புதுப்பெயர் பெற்றது. பரத்தமை என்பதற்கு, ஒரு பெண் கூலிக்குத் தன்னுடலை அளித்தல் என்றிருந்த வரையறை மாறி, வணிக நோக்கில் மனிதரைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்குதல் என்றாயிற்று. வரையறையில் பெண் குற்றவாளியிலிருந்து சுரண்டப்பட்டவராக மாறினார். ஆனால் 8 ஆம் பிரிவு இம்மாற்றத்திற்கு இயைந்ததாக அமையவில்லை. பொதுவிடத்தில் அழைக்கும் பெண்ணுக்கு முதன்முறைக் குற்றத்திற்கு 6 மாதம் வரை சிறை. அதே குற்றம் புரியும் ஆணுக்கு 7 நாள் முதல் 3 மாதம் வரை மட்டுமே. சுரண்டப்பட்டவர் என்று வரையறுத்துவிட்டு, அவருக்கே மிகுதியான தண்டனை விதிப்பது இச்சட்டத்தின் உள்முரணாகும்.

4 ஆம் பிரிவும் இத்தகையதே. பிறர் பரத்தமையின் வருவாயில் வாழும் 18 அகவை கடந்த எவரும் தண்டனைக்குரியவர். தரகரைக் குறிவைத்து எழுதப்பட்ட இப்பிரிவின் சொற்களுக்குள் முதிய தாயும் கல்லூரியில் பயிலும் மகனும் அடங்கிவிடுகின்றனர்.

மீட்பும் காவலும்

மீட்கப்பட்ட பெண்களுக்கெனச் சட்டம் பாதுகாப்பு இல்லங்களை ஏற்படுத்தியது. ஆக்ராவிலிருந்த இல்லம் ஒன்றின் இழிநிலை குறித்து உபேந்திர பக்ஷி, லதிகா சர்க்கார் ஆகிய சட்டப் பேராசிரியர் இருவர் 1981 இல் உச்சநீதிமன்றத்திற்கு எழுதிய மடல், பொதுநல வழக்காக ஏற்கப்பட்டது. பாதுகாப்பு என்பது நடைமுறையில் காவலாகவே இருந்ததை அவ்வழக்கு வெளிக்கொணர்ந்தது.

1986 இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. அதற்கான குருதி மாதிரிகள், காவல்துறையால் பிடிக்கப்பட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து பெறப்பட்டவை. மருத்துவத்துறை வரலாற்றில் அது பெரும் கண்டுபிடிப்பு. அப்பெண்களின் நோக்கிலோ, 1868 ஆம் ஆண்டுப் பதிவேடு வேறு வடிவில் மீண்டதாகவே அதனைக் கருத இடமுண்டு.

1996 பிப்ரவரியில் மும்பையில் நிகழ்ந்த சோதனைகளில் 400க்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமியரும் மீட்கப்பட்டனர். அவருள் பலர் நேபாளத்தினர். சிறுமியர் விற்கப்பட்டிருந்தனர் என்பதில் ஐயமில்லை. சட்டத்தின் தலையீடு இன்றியமையாததே. ஆனால் மீட்பிற்குப் பின் அவர்கள் பல மாதங்கள் காப்பகங்களில் அடைபட்டுக் கிடக்க நேர்ந்தது. இறுதியில் நேபாளத் தன்னார்வ அமைப்புகளே நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தாயகம் அழைத்துச் சென்றன. மீட்பு ஒருநாள் நிகழ்வு. மறுவாழ்வு பல்லாண்டுப் பணி. முன்னதற்கு விரிவான பிரிவுகள் வகுத்த சட்டம், பின்னதைக் காப்பக அளவிலேயே நிறுத்திவிட்டது.

பாலியல் தொழிலாளி என்னும் சொல்

1970களின் இறுதியில் அமெரிக்காவில் கரோல் லீ உருவாக்கிய ஆங்கிலச் சொல்லின் மொழியாக்கமே 'பாலியல் தொழிலாளி'. எய்ட்ஸ் தடுப்புப் பணிகளின் வழியாக இச்சொல் இந்திய மொழிகளில் பரவியது. 1992 இல் கொல்கத்தாவின் சோனாகாச்சிப் பகுதியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தலைமையில் நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதிலிருந்து தோன்றிய துர்பார் மகிளா சமன்வய கமிட்டி, பெண்களே நடத்தும் அமைப்பாக வளர்ந்தது. அவர்களுக்கென 1995 இல் உஷா கூட்டுறவுச் சங்கமும் உருவாயிற்று. கடன்காரரிடமும் விடுதித் தலைவியரிடமும் சிக்கியிருந்த வருவாய், உறுப்பினரின் சேமிப்பாகத் தொடங்கியது. 1997 இல் கொல்கத்தாவில் நடைபெற்ற முதல் தேசிய மாநாட்டில் அவர்கள் தம் தொழிலுக்குத் தொழிலாளர் தகுதி கோரினர். 2005 இல் மலையாளத்தில் வெளிவந்த நளினி ஜமீலாவின் தன்வரலாறும் இச்சொல்லின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவர் தம்மைத் தொழிலாளி என்றே அறிமுகப்படுத்திக் கொண்டார்.

இச்சொல்லைப் பெண்ணியர் பலர் ஏற்கவில்லை. ஐதராபாத்தின் பிரஜ்வலா போன்ற, மீட்புப் பணியில் ஈடுபட்ட அமைப்புகள், பெரும்பாலோர் சிறு அகவையிலேயே விற்கப்பட்டவர் என்பதைச் சுட்டின. சாதியாலும் வறுமையாலும் விதிக்கப்பட்டதைத் 'தொழில்' என்பது சுரண்டலுக்கு மதிப்பான பெயரிடுவதாகும் என்பது அவர்தம் வாதம். பொட்டுக்கட்டப்பட்டோர் பெரிதும் ஒடுக்கப்பட்ட சாதியினராயிருந்த நிலையில், கருநாடகம் 1982 இலும் ஆந்திரம் 1988 இலும் அவ்வழக்கத்தைத் தடைசெய்ய நேர்ந்தது. இதனை நோக்க இவ்வாதத்தின் வலிமை விளங்கும். இராமாமிர்தம் அம்மையாரின் குரலும் நாகரத்தினம்மாளின் குரலும் அறுபது ஆண்டுகளுக்குப் பின் வேறு சொற்களில் மீண்டும் ஒலித்தன எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 1927 இல் பிரித்துவைக்கப்பட்டு, பேசுவோரின்றி நின்ற பெண்கள், 1997 இல் தாமே மேடையேறினர்.

ஒப்புதலும் சட்டமும் (2000–2022)

2000 ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறை, கடத்தல் குற்றத்தைச் செயல், வழிமுறை, நோக்கம் என மூன்று கூறுகளாகப் பகுத்தது. வன்முறை, வஞ்சகம், இக்கட்டான நிலையைப் பயன்படுத்துதல் முதலிய வழிகளால் ஒருவரைச் சுரண்டலுக்கு உட்படுத்துவதே குற்றம். அவ்வழிகள் கையாளப்பட்டவிடத்துப் பாதிக்கப்பட்டவரின் ஒப்புதல் பொருட்படுத்தத்தக்கதன்று. சிறாரைப் பொறுத்தவரை வழிமுறையை நிறுவ வேண்டுவதில்லை. இந்தியா 2011 இல் இதனை உறுதிசெய்தது. 2013 இல் தண்டனைச் சட்டத்தின் 370 ஆம் பிரிவு இவ்வடிப்படையில் மாற்றி எழுதப்பட்டது. அதற்கு வழிகோலிய நீதிபதி வர்மா குழு, தன் விருப்பால் தொழிலில் உள்ளோரை இலக்காகக் கொண்டதன்று இப்பரிந்துரை என விளக்கம் அளித்தது. 2024 சூலை முதல் நாள் தொட்டு இப்பிரிவின் இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143 ஆம் பிரிவு பெற்றுள்ளது. இதனிடையே, 8, 20 ஆம் பிரிவுகளை நீக்கவும் வாடிக்கையாளரைத் தண்டிக்கவும் கருதிய 2006 ஆம் ஆண்டுத் திருத்த மசோதாவும், மக்களவையில் நிறைவேறிய 2018 ஆம் ஆண்டுக் கடத்தல் தடுப்பு மசோதாவும் சட்டமாகாமலே காலாவதியாயின.

2022 மே 19 ஆம் நாள், புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை இவ்வரலாற்றின் திருப்பமாகும். 1999 இல் கொல்கத்தாவில் நிகழ்ந்த பெண் ஒருவரின் கொலையே அவ்வழக்கின் தோற்றுவாய். கொலையாளியின் மேல்முறையீட்டை 2011 இல் தள்ளுபடி செய்த நீதிமன்றம், தானே முன்வந்து அதனைப் பொதுநல வழக்காக்கிக் குழுவொன்றை அமர்த்தியது. பாலியல் தொழிலாளருக்கும் 21 ஆம் உறுப்பின்படி மாண்புடன் வாழும் உரிமை உண்டு என 2022 ஆணை அறிவித்தது. விருப்பத்திற்கு மாறாகப் பாதுகாப்பு இல்லங்களில் வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களைக் கண்டறிந்து விடுவிக்க வேண்டும் என்பதும் ஆணையின் ஒரு பகுதி. குழுவின் சில பரிந்துரைகளில் ஒன்றிய அரசு தயக்கம் தெரிவித்தமையால் விவாதம் முற்றுப்பெறவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. முதலாவதாக, 1860 ஆம் ஆண்டுச் சட்டத்தில் விற்பவர்க்கும் விற்கப்பட்டவர்க்கும் இருந்த வேறுபாடு, நோய், ஒழுக்கம் ஆகிய கவலைகள் மேலோங்கியபோது மங்கியது. 2013 இல்தான் அது மீண்டும் வடிவம் பெற்றது. இரண்டாவதாக, ஒழிப்பைக் கோரிய குரலும் உரிமையைக் கோரிய குரலும் அப்பெண்களிடமிருந்தே எழுந்துள்ளன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தல் இயலாது. மூன்றாவதாக, இருதரப்பும் உடன்படும் களம் ஒன்றுண்டு. விற்கப்பட்ட சிறுமியை மீட்பதற்கு, தொழிலில் உள்ள பெண்ணைச் சிறையிலிடுவது தேவையன்று. 1929 ஆம் ஆண்டுத் திருத்தம் நிலவுரிமையால் செய்ய முயன்றதையும், சோனாகாச்சிக் கூட்டுறவு சேமிப்பால் செய்ததையும் ஒப்பிடின், வெளியேற விரும்புவோர்க்கும் தங்க நேர்வோர்க்கும் பொருளியல் பற்றுக்கோடே முதன்மையானது என்பது புலனாகும்.

மொழிக்கும் இதில் பங்குண்டு. 'கடத்தல்' என்னும் சொல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வதை மட்டுமே உணர்த்துகிறது. இடம்பெயராமலேயே ஒருவர் சுரண்டலுக்கு ஆட்படுத்தப்படலாம் என்பது அதில் விளங்குவதில்லை. நாளேடுகள் 'அழகிகள் கைது' எனத் தலைப்பிட்டு எழுதும்போது தரகரும் விடுதி உரிமையாளரும் வாடிக்கையாளரும் வாக்கியத்திலிருந்தே நீங்கிவிடுகின்றனர். 'விபச்சாரத் தடுப்பு' என்பதற்கு மாறாக 'மனித வணிகத் தடுப்பு' எனச் சட்டப்பெயரை ஆள்வது, அச்சட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கைத் தமிழில் மீட்டுத் தரும். குற்றவாளி யார் என்பதைப் பெயரே சுட்டுமாயின், வழக்கில் எவரை நிறுத்த வேண்டும் என்னும் தெளிவும் அதனைத் தொடர்ந்து பிறக்கக்கூடும்.